யாரைக் கேட்டு முடிவெடுத்தார்கள்?
பள்ளியில் வரலாறும் குடிமையியலும்: அறக்கட்டளைச் சொற்பொழிவு



பள்ளிப் பிள்ளைகளுக்கு வரலாற்றையும் குடிமையியலையும் சுவையாகச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று பேசப் பணித்திருக்கிறார்கள். இந்தக் கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் விடைகள் நமக்குத் தெரியும். கதை சொல்லுங்கள், நாடகம் போடுங்கள், ஸ்மார்ட் போர்டில் படம் காட்டுங்கள், வினாடி வினா வையுங்கள் என்பார்கள். எதுவும் தவறில்லை. எல்லாமே ஒரு பாடவேளையை இனிமையாக்கும். ஆனால் மறுநாள் காலையில் அதே பிள்ளை கைடை விரித்து, முதல் பானிப்பட்டுப் போர் 1526, இரண்டாம் பானிப்பட்டுப் போர் 1556 என்று கண்ணை மூடி ஒப்பிக்கத் தொடங்கிவிடுகிறது. ஒரு மணி நேரத்து மகிழ்ச்சி ஓராண்டுக் கல்வியாக மாறுவதில்லை.

பணிக்காலம் முழுவதும் அரசுப் பள்ளிகளில் இந்தப் பாடத்தை நடத்தியவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளைப் பிடித்து உட்கார வைப்பது, ஆசிரியரின் வாயில் விடை தயாராக இல்லாத உண்மையான ஒரு கேள்வி. நம் பாடத்தில் அப்படி ஒரு கேள்வி இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை, சோழர் காலம் முதல் நேற்றைய கிராம சபை வரை, எங்கு வைத்துக் கேட்டாலும் அது வேலை செய்கிறது: இதை முடிவு செய்தவர்கள் யார்? யாரைக் கேட்டு முடிவு செய்தார்கள்? யாரைக் கேட்கவில்லை? இந்தக் கேள்வியைப் பழங்காலத்தின் மேல் வைத்தால் அது வரலாறு. இன்றைய தெருவின் மேல் வைத்தால் குடிமையியல். இரண்டும் ஒரே பாடம் என்றே நான் நினைக்கிறேன்.

உத்திரமேரூரை எடுத்துக்கொள்வோம். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டையும் 14ஆம் ஆட்சியாண்டையும் சேர்ந்த இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921. நம் பாடநூலில் இது ஒரு பத்தியாக வரும். குடவோலை முறை, முப்பது குடும்புகள், வாரியங்கள், அவ்வளவுதான். தேர்வில் குறுவினா. பிள்ளைகள் நான்கு வரி எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கிவிட்டுப் போய்விடுவார்கள்.

அந்தக் கல்வெட்டில் என்னதான் இருக்கிறது என்று வகுப்பில் எடுத்து வைத்துப் பாருங்கள். ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும், வாரியம் என்ற நிர்வாகக் குழுவுக்குத் தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதி, கட்டாகக் கட்டி, வாயோலை பூட்டிக் குடத்தில் இட வேண்டும். சிறியவரும் பெரியவருமாகச் சபை முழுதும் கூட வேண்டும். கோயில் பூசாரிகளான நம்பிமாரில் மூத்தவர் குடத்தை எல்லோரும் காண உயர்த்திக் காட்ட வேண்டும். விவரம் அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுக்க, அதை வேறொரு குடத்தில் போட்டுக் குலைத்து, அதிலிருந்து ஓர் ஓலையை அவனே எடுத்து மத்தியஸ்தன் கையில் தர வேண்டும். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் அந்த ஓலையை ஏந்திக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் நிறுத்தி, ஏன் ஐந்து விரலையும் விரிக்க வேண்டும் என்று கேளுங்கள். எட்டாம் வகுப்பில் இதற்குப் பதில் வராத ஆண்டே கிடையாது. விரலிடுக்கில் வேறு ஓலையை ஒளித்து வைத்திருப்பார் சார் என்று பின்வரிசையிலிருந்துதான் முதலில் குரல் வரும். அப்படியென்றால் அதற்கு முன்னால் யாரோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று இன்னொரு பிள்ளை சொல்லும். ஒரு விதி எழுதப்பட்டிருந்தால், அந்த விதியை எழுதவைத்த ஒரு திருட்டு அதற்கு முன் நடந்திருக்கக் கூடும் என்று சான்றிலிருந்து ஊகிப்பதற்குப் பிள்ளைகள் பழகிவிட்டார்கள். வரலாற்றாய்வு என்பதன் பெரும்பகுதி இதுதான்.

அடுத்து தகுதி விதிகளுக்கு வாருங்கள். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வயது 35க்கு மேல் 70க்குள். வேதம் கற்றிருக்க வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் வல்லவராக இருந்தால் அரைக்கால் வேலி நிலம் போதும். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் வரக்கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் வரக்கூடாது. அவர் மட்டுமா, அவருடைய உறவினர்கள் யார் யார் வரக்கூடாது என்று ஒரு பட்டியலே இருக்கிறது.

இதை நடத்தும்போது ஓர் எச்சரிக்கை தேவை. எந்தப் பிள்ளையிடமும் அதன் சொந்த நிலத்தையோ, வீட்டையோ, சாதியையோ கேட்கவே கூடாது. அட்டைகள் எழுதிக் கொடுங்கள். ஒன்றில் வேதம் கற்ற நிலவுடைமையாளர், ஒன்றில் நெசவாளர், ஒன்றில் ஏரி மதகைத் திறந்து மூடுபவர், ஒன்றில் உழவுத் தொழிலாளி, ஒன்றில் கணவனை இழந்த பெண், ஒன்றில் குயவர். எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி விதிகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். பொருந்தாதவர்கள் உட்கார வேண்டும். கடைசி விதி படித்து முடியும்போது வகுப்பில் ஒன்றிரண்டு பேர்தான் நின்றுகொண்டிருப்பார்கள். குடம் செய்த குயவர் உட்கார்ந்திருப்பார். ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது ஏரி மதகைக் காப்பவர் உட்கார்ந்திருப்பார்.

அப்போது ஒரு மாணவி கேட்பாள்: “அப்புறம் ஏன் சார் இதை ஜனநாயகம்னு சொல்றாங்க?” ஆசிரியர் பதில் சொல்ல வேண்டாம். அந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதுங்கள். கணக்குக் காட்டாதவன் வீட்டாருக்கே இடமில்லை என்ற விதி இன்றைக்கும் வேண்டும் என்று ஒரு பிள்ளை சொல்லும். பெண்களையும் உழைப்பவர்களையும் வெளியே நிறுத்திய சபை எப்படி ஊர்ச் சபையாகும் என்று மற்றொன்று கேட்கும். இரண்டுமே சரி. ஒன்றைக் காட்டிப் பெருமைப்படுவதற்காக மற்றொன்றை மறைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதைக் காட்டிச் சிறுமைப்படுத்துவதற்காக இதை மறைப்பவர்களும் உண்டு. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டையும் ஒருசேரத் தாங்கும் வலு இருக்கிறது. நாம்தான் நம்புவதில்லை.

வகுப்பில் ஆர்வம் இன்னும் மிச்சமிருந்தால் இரண்டு கல்வெட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதலாவதில் வயது 30 முதல் 60. இரண்டாவதில் 35 முதல் 70. இரண்டே ஆண்டுகளில் விதி ஏன் மாறியது? இரண்டு சமயத்திலும் மன்னனின் ஆணையோடு வந்த அதிகாரி உடனிருந்திருக்கிறார். அப்படியானால் ஊர் தானாக முடிவெடுத்ததா, மன்னன் சொல்லி எடுத்ததா? இந்தக் கேள்விகளை அறிஞர்களும்தான் விவாதித்திருக்கிறார்கள். பிள்ளைகள் அந்த விவாதத்துக்குள் நேராக நுழைந்துவிடுகிறார்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலும் இப்படித்தான். விமானத்தின் உயரத்தையும், நிழல் தரையில் விழாது என்ற கட்டுக்கதையையும் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். நிழல் நன்றாகவே விழுகிறது. நேரில் போன எவரும் பார்க்கலாம். அந்தக் கோயில் சுவரில் வேறு ஊர்க் கோயில்களிலிருந்து கோயில் பணிக்காகக் கொண்டுவரப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்களின் பெயர்கள், அவர்கள் வந்த ஊர், தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதெல்லாம் வெட்டப்பட்டிருப்பதை யாரும் சொல்வதில்லை. ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். கணக்கர், தச்சர், தையற்காரர், வண்ணார், நாவிதர் என்று பணியாளர் பட்டியலும் நீளுகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு தெருவின் வரைபடத்தை ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு தாளில் வரைந்துவிடலாம். வரைந்து முடித்ததும் கேளுங்கள்: பெருந்தச்சனின் பெயர் இருக்கிறது, மன்னனின் தமக்கை பெயர் இருக்கிறது, கல்லை இழுத்து மேலேற்றியவர்களின் பெயர் எங்கே? அந்தப் பெண்கள் ஊர் மாறி வருவதற்கு அவர்களை யார் கேட்டார்கள்?

நமக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வியையும் விடக்கூடாது. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். சென்னைப் பிள்ளைகள் மின்சார ரயிலில் கடந்துபோகும் ஊர் அது. கீழடியில் கரிமக் கணக்கீட்டுக்குப் பின் கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் அறிவித்ததைப் பாடமாக நடத்துகிறோம். அந்த ஆண்டு எந்தக் கரித்துண்டிலிருந்து, எந்த ஆழத்திலிருந்து, எந்த ஆய்வுக்கூடத்தின் கணக்கில் வந்தது என்பதும் பாடமாக வேண்டும். அது இல்லாமல் பெருமையை மட்டும் தந்தால், நாளை வேறொருவர் ஒரு பொய்யான ஆண்டைச் சொன்னாலும் பிள்ளை அதையும் அப்படியே வாங்கிக்கொள்ளும்.

விடுதலைப் போராட்டத்தை நாம் பெயர்ப் பட்டியலாக்கிவிட்டோம். வேதாரண்யத்தையே பாருங்கள். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து நடந்தார்கள். மாத இறுதியில் வேதாரண்யத்தில் உப்பள்ளினார்கள். தஞ்சாவூர் கலெக்டர் தார்ன், தொண்டர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று அறிவித்தார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். சட்டத்தை மீறிச் சோறு கொடுத்ததாக யாரைப் பிடிப்பது? பாதி வகுப்பைக் கலெக்டராக்கிச் சென்னை அரசுக்குக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். மறுபாதி, மரத்தில் பொட்டலம் கட்டிய ஊர்க்காரர்கள். கலெக்டராக எழுதும் பிள்ளைக்குத்தான் அரசு என்பது எவ்வளவு பேரின் சம்மதத்தில் நிற்கிறது என்பது விளங்கும். ராஜாஜியின் பெயரும், அவருக்குத் துணைநின்ற வேதாரண்யத்து வேதரத்தினத்தின் பெயரும் அதற்குப் பிறகு தானாக மனத்தில் தங்கும்.

முதல் பொதுத்தேர்தலும் அப்படிப்பட்ட ஒரு சுரங்கம். 1951-52இல் வாக்காளர்கள் ஏறத்தாழ 17.3 கோடி. பெரும்பாலோர்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் சின்னங்கள், ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. வடமாநிலங்களில் பல பெண்கள் தம் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிவு செய்ய முன்வந்தார்கள். சொந்தப் பெயரில்லாத பதிவுகளைத் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் ஏற்கவில்லை. சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. சென் செய்தது சரியா? வாக்கைப் பறித்தாரா, பெயரைக் கொடுத்தாரா? ஒன்பதாம் வகுப்பில் இந்த விவாதத்தை நடத்தினால் மணி அடித்ததுகூடக் கேட்காது. வீட்டுக்குப் போய், பாட்டியின் வாக்காளர் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் பிள்ளைகள் உண்டு.

இனி குடிமையியல். எல்லோரும் கடைசியில் ஒதுக்கி, திருப்புதல் தேர்வுக்கு முன் இரண்டு வாரத்தில் ஓட்டிவிடும் பகுதி. நாடாளுமன்றத்துக்கு எத்தனை உறுப்பினர், குடியரசுத் தலைவருக்கு வயது என்ன, அடிப்படைக் கடமைகள் எத்தனை. எல்லாம் டெல்லியில் தொடங்கி, பிள்ளையின் தெருவுக்கு வருவதற்குள் ஆண்டு முடிந்துவிடும். நான் வரிசையைத் திருப்பிப் போடச் சொல்கிறேன். பிள்ளையின் கையிலிருக்கும் சத்துணவுத் தட்டிலிருந்து தொடங்குங்கள்.

1920இல் தியாகராய செட்டியார் தலைமையிலான சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவுக்கு ஒப்புதல் அளித்தது. அது உள்ளாட்சியின் முடிவு. 1956இல் காமராசர் ஆட்சியிலும், 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியிலும் அது மாநிலத்தின் முடிவாக விரிந்தது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், நாடு முழுவதும் அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் தொடக்கநிலைப் பிள்ளைகளுக்குச் சமைத்த உணவு தர வேண்டும் என்று ஆணையிட்டது. 2013இல் நாடாளுமன்றம் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அதை உரிமையாக எழுதியது. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு காலை உணவையும் சேர்த்தது. ஒரே தட்டில் மாநகராட்சி, மாநில அரசு, நீதிமன்றம், நாடாளுமன்றம் எல்லாம் வந்துவிட்டன. மதிய உணவுக்கான செலவை ஒன்றிய அரசும் மாநில அரசும் பகிர்கின்றன, காலை உணவு முழுக்க மாநிலத்தின் பொறுப்பு என்று சொன்னால் கூட்டாட்சி என்ற பாடம் முடிந்தது. சத்துணவு அமைப்பாளர் அக்காவை வகுப்புக்கு அழைத்து, முட்டைக் கணக்கை எப்படி எழுதுகிறார், அதை யார் வந்து பார்க்கிறார்கள் என்று பேசச் சொல்லுங்கள். தணிக்கை என்றால் என்ன என்பதை அவரைவிடத் தெளிவாகச் சொல்ல எந்தப் பாடநூலாலும் முடியாது.

அடுத்து கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆண்டுக்கு ஆறு நாள், பள்ளியிலிருந்து நடந்துபோகும் தொலைவில், அரசமைப்பு கண்முன்னே கூடுகிறது. பத்தாம் வகுப்பு வரை படித்து முடித்த நம் பிள்ளைகளில் அதை ஒருமுறையாவது பார்த்தவர்கள் மிகக் குறைவு. அழைத்துப் போங்கள். பேச வேண்டியதில்லை, உட்கார்ந்து கவனித்தால் போதும். எத்தனை பேர் வந்தார்கள், பெண்கள் எங்கே உட்கார்ந்தார்கள், வரவு செலவு படிக்கப்பட்டதா, தீர்மானம் எழுதிய பின் கையெழுத்து வாங்கினார்களா, வெற்றுத் தாளில் வாங்கினார்களா என்று குறித்து வரச் சொல்லுங்கள். உத்திரமேரூர்ப் பாடம் படித்த பிள்ளை, இந்தக் குறிப்பை எப்படி எழுதுகிறது என்று பாருங்கள். நகரத்துப் பள்ளி என்றால் பகுதி சபையும் மாமன்றக் கூட்டமும் இருக்கின்றன.

கசப்பானதையும் சொல்லத்தான் வேண்டும். மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகள் 1996இல் பட்டியல் சாதியினர்க்கு ஒதுக்கப்பட்டபின், பத்தாண்டுகள் அங்கே முறையான உள்ளாட்சி நிர்வாகம் நிலைக்கவிடப்படவில்லை. 2006இல்தான் நிலைமை மாறியது. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன், பதவிக்கு வந்தவர் என்பதற்காகவே 1997 ஜூனில் உடனிருந்தவர்களோடு கொல்லப்பட்டார். இதைப் பிள்ளைகளிடம் சொல்லலாமா என்று ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் சொல்லலாம், சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இடஒதுக்கீடு என்ற சொல்லை வரையறையாக மட்டும் படித்த பிள்ளை, தெருவில் கேட்கும் வசைகளையே அதன் பொருளாக எடுத்துக்கொள்கிறது. அந்த நாற்காலியில் உட்கார ஒருவர் என்ன விலை கொடுத்தார் என்று தெரிந்த பிள்ளை வேறு மாதிரி யோசிக்கும்.

வகுப்பறையில் அரசியல் பேசுவதா என்று கேட்பார்கள். கட்சிப் பிரசாரம் கூடாது. ஆசிரியர் தம் வாக்கைப் பற்றி வாய் திறக்கவே கூடாது. ஆனால் சான்றை வைத்துப் பொது விஷயத்தைப் பேசப் பழக்குவது நம் வேலை. அதற்குத்தான் சம்பளம். 2012இல் லக்னோவைச் சேர்ந்த ஒரு பள்ளிச் சிறுமி, காந்திக்குத் தேசத் தந்தை என்ற பட்டம் எந்த ஆணையின் மூலம் வழங்கப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டாள். கடிதம் உள்துறைக்கும், அங்கிருந்து தேசிய ஆவணக் காப்பகத்துக்கும் போனது. அப்படி ஓர் ஆவணம் இல்லை என்று பதில் வந்தது. மக்கள் கூப்பிட்ட பெயருக்கு அரசாணை தேவைப்படவில்லை என்பதை நாடே அறிந்துகொண்டது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் வரலாறும் குடிமையியலும் ஒன்றாக நடந்த வகுப்பு அது.

இதெல்லாம் நல்லதுதான், பாடத்தை முடிக்க நேரமெங்கே, தேர்ச்சி விழுக்காட்டுக்கு யார் பதில் சொல்வது என்று இங்கிருக்கும் ஆசிரியர்கள் மனத்துக்குள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த முடியாது. பருவத்துக்கு இரண்டு பாடம் போதும். மற்றவற்றை வழக்கம்போல் நடத்துங்கள். இந்த இரண்டின் பழக்கம் மற்றவற்றுக்கும் தானே பரவும். மெல்லக் கற்போர் என்று நாம் பெயரிட்டு ஒதுக்கிய பிள்ளைகள்தான் இந்த வகுப்புகளில் முதலில் வாய் திறக்கிறார்கள். ஊர் நடப்பு அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஆனால் ஆசிரியரின் ஆர்வம் மட்டும் போதாது. தேர்வு எதைக் கேட்கிறதோ அதைத்தான் வகுப்பு நடத்தும். மத்தியப் பிரதேசத்தில் ஏகலவ்யா அமைப்பு 1980களில் அரசுப் பள்ளிகளுக்காகச் சமூக அறிவியல் நூல்களை உருவாக்கியபோது, தேர்வையும் சேர்த்தே மாற்றியது. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பிள்ளைகள் விடை எழுதினார்கள். என்.சி.இ.ஆர்.டி. 2006 முதல் நடுநிலை வகுப்புக்கான குடிமையியல் நூல்களை ‘சமூக மற்றும் அரசியல் வாழ்க்கை’ என்று புதிதாக எழுதியது. நூல்கள் நன்றாக இருந்தன. தேர்வு பழையபடியே இருந்த இடங்களில் அவற்றுக்கும் கைடு வந்துவிட்டது.

ஆகவே கல்வித் துறைக்கு ஒரே ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் வினாத்தாள் நூறு மதிப்பெண்ணுக்கு. அதில் ஐந்தே ஐந்து மதிப்பெண்ணை ஒதுக்குங்கள். பாடநூலில் இல்லாத ஒரு கல்வெட்டுப் பகுதியையோ, ஒரு பழைய செய்தித்தாள் துணுக்கையோ, ஓர் ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கையோ அச்சிட்டுக் கொடுத்து, இதில் முடிவெடுத்தவர் யார், கேட்கப்படாதவர் யார், எதைக்கொண்டு சொல்கிறாய் என்று கேளுங்கள். ஒவ்வோராண்டும் வேறு சான்றாக இருக்கட்டும். அந்த ஐந்து மதிப்பெண்ணுக்காகத் தமிழ்நாடு முழுவதும் ஆறாம் வகுப்பிலிருந்தே வகுப்பறைகள் மாறத் தொடங்கும். ஆசிரியத் தோழர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். அடுத்த கிராம சபை நாளுக்கு உங்கள் பிள்ளைகளை அழைத்துப் போக, தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் நாளைக்கே அனுமதி கேளுங்கள்.